ஆச்சியும் 78 சீட்டும்

பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் நாலைந்து வரிசைக்குள் இடம் பிடித்துவிட வேண்டும். கடைசி சீட் என்றால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் தலை கூரையில் இடிக்கும். ரயில் என்றால் லோயர் பெர்த். இந்த இரண்டு ஞானமும் நம்மூரில் பிறந்த எல்லோருக்கும் தானாகவே வந்துவிடும். விமானத்தில் எது நல்ல சீட் என்பதும் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2024 டிசம்பரில் ஆச்சியைத் தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குக் கூட்டிக்கொண்டு வந்த அன்று அந்த நினைப்பில் மண் விழுந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் கணக்கு சொல்லியாக வேண்டும். காமர்ஸ் படிக்கிறவனிடம் மாட்டிக்கொண்டீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காஸ்ட் அக்கவுண்டிங் ப்ராஜெக்டுக்கு வகுப்பில் ஆளுக்கொரு கம்பெனி எடுத்தார்கள். சோப்பு, பிஸ்கட், சிமெண்ட், தனியார் வங்கி. நான் இண்டிகோ எடுத்தேன். "ஏன்ப்பா, பிளேன்ல என்னத்த காஸ்ட் ஷீட் போடப் போற?" என்று கேட்டார் சார். சின்ன வயதிலிருந்தே எனக்கு விமானப் பைத்தியம் உண்டு என்பதை அவரிடம் சொல்லவில்லை. "சீட்டுக்கு எவ்வளவு செலவுன்னு பாக்கப் போறேன் சார்" என்றேன். அது பொய்யும் இல்லை.

இண்டிகோ கதை கேட்க சுவாரஸ்யமானது. 2005இல், ஒரு விமானம்கூடப் பறக்காத நிலையில், பாரிஸ் விமானக் கண்காட்சியில் 100 ஏர்பஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். முதல் விமானம் பறந்தது 2006 ஆகஸ்டில்தான். கடையே திறக்காத ஒருவர் 100 கிரைண்டர் ஆர்டர் கொடுத்தால் நாம் என்ன நினைப்போம்? ஆனால் மொத்தமாக வாங்குகிறவனுக்குத்தான் தள்ளுபடி. வந்த விமானங்களையும் சொந்தமாக வைத்துக்கொள்ளவில்லை. குத்தகைக் கம்பெனிக்கு விற்றுவிட்டு, அவர்களிடமே வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். சுமார் 6 வருடக் குத்தகை. பெரிய பராமரிப்புச் செலவு வருகிற வயதுக்கு முன்னாலேயே விமானத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இப்படிப்பட்ட குத்தகைப் பொறுப்புகள் முன்பு பேலன்ஸ் ஷீட்டுக்கு வெளியே பதுங்கிக்கொள்ளும். 2019 ஏப்ரலில் இண்டு ஏஎஸ் 116 வந்த பிறகு அந்த வசதி போச்சு, எல்லாம் உள்ளே வந்தாக வேண்டும். (பரீட்சைக்கு இதைப் படிக்கும்போது கொட்டாவி வந்தது. விமானத்தை மனதில் வைத்துப் படித்ததும் பத்து நிமிடத்தில் புரிந்துவிட்டது.)

அடுத்தது, எல்லாமே ஒரே வகை விமானம். பல வருடங்களுக்கு ஏ320 மட்டும்தான். ஏ320 ஓட்டுகிற பைலட் அதன் அண்ணனான ஏ321ஐயும் ஓட்டலாம். மெக்கானிக்குக்கு ஒரே படிப்பு, கிடங்கில் ஒரே வகை உதிரி பாகம். ஒரு விமானம் பழுதானால் இன்னொன்றைக் கொண்டு வந்து நிறுத்தலாம், சீட் நம்பரைக்கூட மாற்ற வேண்டியதில்லை. அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் போயிங் 737ஐ மட்டும் வைத்துக்கொண்டு காட்டிய வழி இது.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் நம்மிடமே இருக்கிறது. 2005 மே மாதம் ஆரம்பித்த கிங்ஃபிஷர் ஏ320, ஏ321, ஏடிஆர் 72, ஏ330 என்று வகைவகையாக வைத்திருந்தது. பிசினஸ் கிளாஸ் உண்டு, சீட்டுக்கு சீட் டிவி உண்டு. போதாதென்று, டெக்கான் என்ற மலிவு விலைக் கம்பெனியையும் வாங்கிச் சேர்த்துக்கொண்டது. ஒரு வருடம்கூட லாபம் பார்க்கவில்லை. 2012 அக்டோபரில் உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது. அது விழுந்ததற்குச் சீட்டு மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், கடன் இருக்கிறது, எரிபொருள் விலை இருக்கிறது. ஆனாலும் இரண்டு கம்பெனிகளின் சீட் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது யார் பணத்தில் நடந்த கல்யாணம் என்று புரியும்.

சரி, சீட்டுக்கு வருவோம்.

ஏ320க்குள் நடுவில் ஒரு நடைபாதை, இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. ஏன் நான்கு இல்லை? உள் அகலம் 3.70 மீட்டர்தான் என்பது ஒரு காரணம். அகலம் இருந்தாலும் விட மாட்டார்கள் என்பது இன்னொரு காரணம். ஒற்றை நடைபாதை என்றால் ஒரு பக்கத்தில் மூன்று சீட்டுக்கு மேல் போடக் கூடாது என்று விமானங்களுக்கான பாதுகாப்பு விதியே இருக்கிறது. தீப்பிடித்தால் ஜன்னலோரத்துக்காரர் எத்தனை பேரைத் தாண்டி வெளியே வர வேண்டும் என்பது அதில் இருக்கும் கேள்வி. புது விமானத்துக்கு அனுமதி வாங்கும்போது, பாதிக் கதவுகளை மட்டும் வைத்துக்கொண்டு 90 விநாடியில் எல்லோரையும் வெளியேற்ற முடியும் என்று நிரூபிக்க வேண்டும். நாம் இடிபட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

அகலத்தில் கைவைக்க முடியாதா, நீளத்தில் வைப்போம் என்று வருகிறார்கள். ஒரு சீட்டின் முதுகிலிருந்து அடுத்த சீட்டின் முதுகு வரை உள்ள தூரத்துக்கு பிட்ச் என்று பெயர். மலிவு விலை விமானங்களில் இது பெரும்பாலும் 28லிருந்து 30 அங்குலம். இப்போது ஒரு மனக்கணக்கு. 30 வரிசை, வரிசைக்கு 6 பேர், ஆக 180 சீட். ஒவ்வொரு வரிசையிலும் ஒரே ஒரு அங்குலம் எடுங்கள். 30 அங்குலம் மிச்சம், அதாவது இன்னொரு முழு வரிசை. ஆறு சீட் கூடுதல். இந்த விமானம் ஒரு நாளைக்கு 6 தடவை பறக்கிறது என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 13,140 சீட்!

இண்டிகோவின் பழைய ஏ320இல் 180 சீட். அதன்பிறகு வந்த ஏ320நியோவில் 186 வரை போடுகிறார்கள். அந்த ஆறு சீட்டு முழுக்க முழங்காலிலிருந்து மட்டும் வந்ததில்லை. பின்பக்கம் கழிப்பறையையும் சாப்பாட்டு அறையையும் நெருக்கி வைத்ததிலும் இடம் கிடைத்தது. ஆனால் செலவுப் பக்கத்தைப் பாருங்கள். பைலட் அதே இருவர். 50 சீட்டுக்கு ஒரு பணியாளர் என்ற விதிப்படி 180க்கும் 4 பேர், 186க்கும் 4 பேர். எரிபொருள் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். மார்ஜினல் காஸ்டிங் பாடத்தில் 'காண்ட்ரிபியூஷன்' என்று மனப்பாடம் செய்தோமே, அது அந்த 31ஆவது வரிசையில் உட்கார்ந்துகொண்டு சிரிக்கிறது.

எதிர்த்திசையிலும் கணக்கு போடலாம். ஏ321நியோவில் 232 சீட் வரை வைத்திருந்தவர்கள், 2024 நவம்பரில் டில்லி-மும்பை தடத்தில் 'ஸ்ட்ரெச்' என்ற பெயரில் பிசினஸ் கிளாஸ் கொண்டு வந்தார்கள். முன்னால் இரண்டிரண்டாக 12 பெரிய சீட், பின்னால் 208 சாதாரண சீட், மொத்தம் 220. 232இலிருந்து 208 போனால் 24. அதாவது ஒரு பெரிய சீட்டுக்காக இரண்டு சின்ன சீட்டைத் தியாகம் செய்கிறார்கள். அப்படியென்றால் அந்த டிக்கெட் குறைந்தது இரண்டு மடங்கு விலைக்காவது போக வேண்டும், அதுவும் தினமும். பணியாளர் எண்ணிக்கை 232க்கும் 5தான், 220க்கும் 5தான், அதில் மிச்சம் இல்லை. பதினெட்டு வருடம் ஒரே மாதிரி சீட் என்று சத்தியம் செய்தவர்கள் மனம் மாறினார்கள் என்றால் டில்லிக்கும் மும்பைக்கும் நடுவில் கோட்டு போட்ட கூட்டம் அவ்வளவு இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரே வகை விமானம் என்பது எப்போதுமே புத்திசாலித்தனமா? இதில் எனக்குச் சந்தேகம் உண்டு, ப்ராஜெக்டிலும் எழுதினேன். நியோ விமானங்களுக்கு வந்த ப்ராட் அண்ட் விட்னி என்ஜினில் உலோகத்தூள் கோளாறு என்று 2023இல் தெரிந்ததும், 2024 ஆரம்பத்தில் இண்டிகோவின் 70க்கும் மேற்பட்ட விமானங்கள் தரையில் நின்றன. 2025 நவம்பர் கடைசியில் ஏ320 குடும்பத்துக்கே மென்பொருள் சிக்கல் என்று ஏர்பஸ் அறிவித்தபோது, உலகம் முழுக்க சுமார் 6,000 விமானங்களை ஒரே நேரத்தில் சரிபார்க்க வேண்டியதாயிற்று. ஒரே மரத்தில் எல்லாக் கிளைக்கும் ஊஞ்சல் கட்டினால் இதுதான் கதி. இருந்தாலும் 2023 ஜூனில் அவர்கள் இன்னும் 500 ஏர்பஸ்ஸுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். நான் சொன்னால் கேட்கிற ஆட்களா :-)

அந்த ஒரே வகைக் கொள்கையை அவர்கள் முதலில் உடைத்தது 2017 டிசம்பரில், ஏடிஆர் 72-600க்காக. எனக்குப் பிடித்த விமானம் இதுதான். இரண்டு பக்கமும் விசிறி சுற்றும். இறக்கை ஜன்னலுக்கு மேலே இருக்கும். உள்ளே இரண்டிரண்டாகச் சீட், நடு சீட் என்ற தண்டனையே கிடையாது. இண்டிகோவில் 78 சீட். நான்கால் வகுத்தால் மீதி 2 வருகிறது பாருங்கள், எங்கேயோ ஒரு வரிசை ஒற்றைச் சிறகோடு இருக்கிறது.

ஏன் 78? ஏடிஆர் கம்பெனி அதில் வைத்துத் தரும் அதிகபட்சமே அதுதான். இன்னொரு விஷயம், நம் நாட்டு விமான நிலையக் கட்டண விதிகளில், 80 சீட்டுக்குக் குறைவான விமானத்தை உள்நாட்டில் அட்டவணை போட்டு ஓட்டினால் தரையிறங்கும் கட்டணம் கிடையாது. ஸ்பைஸ்ஜெட் வைத்திருக்கும் கியூ400 ஏடிஆரைவிட ஐந்து மீட்டருக்கு மேல் நீளம். அதிலும் 78 சீட் போட்டார்கள் என்பதைப் பார்த்தால் சும்மா வந்த எண் மாதிரி தெரியவில்லை. விசிறி விமானத்துக்கு எரிபொருள் விற்பனை வரியிலும் சலுகை உண்டு. இரண்டு பணியாளர் போதும். சின்ன ஊருக்கு விமானம் வருவது யாரோ மனமிரங்கியதால் இல்லை, இந்தக் கழித்தல் கணக்குகளால்.

எங்கள் தூத்துக்குடிக்கு இன்னொரு காரணமும் இருந்தது. வாகைக்குளத்தில் ஓடுபாதையின் நீளம் 1,350 மீட்டர்தான். ஏ320 மாதிரி ஜெட்டுக்கு அது பத்தாது. ஆகவே சென்னையிலிருந்து ஏடிஆர் வரும், ஏடிஆர் போகும். 2025 ஜூலையில் புது முனையத்தைத் திறந்தபோது ஓடுபாதை 3,115 மீட்டர் ஆகியிருந்தது. நான் ஆச்சியைக் கூட்டி வந்தது அதற்கு முன்னால்.

ஆச்சிக்கு 76 வயது. 2023இல் முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பில் கம்பி வைத்திருக்கிறது. கைத்தடி வைத்துக்கொண்டு மெதுவாக நடப்பாள். காலை ரொம்ப நேரம் மடக்கி வைக்க முடியாது. சென்னையில் ஒரு டாக்டரிடம் காட்டலாம் என்று மாமா ஏற்பாடு செய்தார். முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி முழுக்க வரவேண்டும், நடுவில் பாத்ரூம் போக எழ வேண்டும், வண்டி ஆடும். அம்மா பயந்தாள். "பிளேன்ல கூட்டிட்டு வாரேன்" என்று நான் சொன்னேன். டியூஷன் எடுத்த காசு கொஞ்சம் இருந்தது. அதைவிட, இந்த வீட்டில் விமானத்தைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் நான் ஒருவன்தானே!

டிக்கெட் போடும்போது சீட் படம் வந்தது. கடைசி வரிசைகள் இலவசமாகவோ மலிவாகவோ கிடந்தன. முன்வரிசைக்குக் கூடுதல் பணம். பெருமையாக நானூற்றுச் சொச்சம் ரூபாய் வீதம் இரண்டு சீட்டுக்குக் கட்டி மூன்றாவது வரிசையை எடுத்தேன். ஆச்சிக்கு நடை மிச்சம், ஏறியதும் உட்கார்ந்துவிடலாம், இறங்கும்போது முதல் ஆளாக இறங்கிவிடலாம்.

வாகைக்குளத்தில் சக்கர நாற்காலியில் விமானம் வரை தள்ளிக்கொண்டு போனார்கள். போகப்போக எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏடிஆர் 72இல் பயணிகள் ஏறும் கதவு பின்னால் இருக்கிறது. முன்னால் இருப்பது சாமான் ஏற்றும் கதவு. இது எனக்குத் தெரியாத விஷயமா? நூறு படம் பார்த்திருக்கிறேன். ப்ராஜெக்டில் அந்த விமானத்தின் உள்படத்தை ஸ்கேல் வைத்து நானே வரைந்திருக்கிறேன். டிக்கெட் போடும்போது மட்டும் புத்தியில் பஸ் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

ஆச்சி அதையெல்லாம் கவனிக்கவில்லை. அவள் பார்த்தது வாலுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்த ஒரு கம்பை. ஆட்கள் எல்லாம் பின்னால் ஏறுவதால், பாரம் ஒருபக்கமாகி விமானம் பின்னால் சாய்ந்துவிடக் கூடாது என்று நிற்கும்போது அதை வைப்பார்கள்.

"ஏல, இதுக்கும் என்னய மாதிரி கம்பு குடுத்திருக்கானுவ பாத்தியா" என்றாள் ஆச்சி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதவே கீழே இறங்கிப் படிக்கட்டாக நிற்கிறது. நாலைந்து படிதான், கையைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டாள். அதற்கப்புறம்தான் இருந்தது. அந்த ஒடுங்கிய நடைபாதையில் பதினைந்து வரிசைக்கு மேல் முன்னால் நடக்க வேண்டும். தடியை ஊன்ற இடமில்லை, நான் வாங்கி வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு சீட் முதுகாகப் பிடித்துப் பிடித்துப் போனாள். மேலே பை வைத்துக்கொண்டு நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், யாரும் முகம் சுளிக்கவில்லை, அதுவே எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. நடுவில் இரண்டு முறை நின்றாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "இன்னும் எவ்வளவு தூரம்ல?" என்று மட்டும் கேட்டாள். கடைசி வரிசைக்காரர்கள் கதவுக்குப் பக்கத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

உட்கார்ந்த பிறகு தெரிந்தது இரண்டாவது சங்கதி. விசிறிச் சத்தம் பின்னால் இருப்பவர்களைவிட முன்பக்கம் இருப்பவர்களுக்குத்தான் அதிகம். கழிப்பறையும் பின்னால். காலியாக இருக்கிற பின் சீட்டுக்கு மாறிக்கொள்ளலாமா என்று கேட்கலாம் என்றால், சின்ன விமானத்தில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதை வைத்துத்தான் எடையைச் சமன் செய்வார்கள், இஷ்டத்துக்கு மாற முடியாது. அதுவும் எனக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்து என்ன செய்ய?

பறக்க ஆரம்பித்ததும் ஆச்சி ஜன்னலில் ஒட்டிக்கொண்டாள். இறக்கை மேலே இருப்பதால் கீழே மறைப்பே இல்லை. உப்பளங்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. கல்யாணமாகி வந்த புதிதில் அந்தப் பாத்திகளில் ஒன்றில் வேலை பார்த்தவள். எது அது என்று விரலை வைத்துத் தேடிக்கொண்டிருந்தாள். மேகம் வந்து மூடியதும்தான் என் பக்கம் திரும்பினாள்.

"பெரிய படிப்பு படிக்க. வாசல் எங்கன இருக்குன்னு பாக்கலியால?"

கோபமாகச் சொல்லவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் சென்னை. இறங்கும்போது பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் இறங்கிய பிறகு, காலி நடைபாதையில் நிதானமாக நடந்து வந்தாள். ஏறும்போது பட்டதைவிடக் கொஞ்சம் தேவலை.

சென்னை வந்த மறுநாள் ப்ராஜெக்ட் நோட்டைப் புரட்டினேன். ஏ320 படத்தில் 180 கட்டம், ஏ321க்கு 232, ஏடிஆருக்கு 78. ஒவ்வொரு கட்டத்துக்கும் வருமானம், செலவு, பிட்ச், பணியாளர் விகிதம் எல்லாம் கலர் கலராகக் குறித்திருக்கிறேன். ஒரு படத்திலும் கதவு இல்லை. சுற்றிலும் ஒரு கோடு, அது பாட்டுக்கு மூடிக் கிடக்கிறது. பைண்டிங் முடிந்திருந்ததால் பேனாவாலேயே கதவுகளை வரைந்தேன். ஏ320க்கு முன்னால், பின்னால். ஏரோபிரிட்ஜ் என்றால் முன்கதவு மட்டும்தான் திறக்கும், பஸ்ஸில் கொண்டுபோய் விட்டால் பெரும்பாலும் இரண்டும் திறக்கும் என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. ஏடிஆருக்குப் பின்னால். "இது எதுக்குப்பா காஸ்ட் ஷீட்ல?" என்று சார் கேட்டார். ஆச்சி கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, மார்க் போடாமல் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். மார்க் அப்புறம் வந்தது, அது வேறு கதை.

ஒரு மாதம் கழித்து ஆச்சியைத் திரும்பக் கொண்டுபோய் விட்டபோது கடைசிக்கு முந்தைய வரிசை. மூன்று எட்டு வைத்தாள், உட்கார்ந்துவிட்டாள். கூடுதல் பணமும் இல்லை. அந்த இலவச சீட்டுகள் மேல் எனக்கு இப்போது தனி மரியாதை.

ஓடுபாதை நீண்டுவிட்டதே, இனி ஜெட் வந்தால் எந்தக் கதவு, எந்த வரிசை என்று நான் இப்போதே யோசித்து வைத்திருக்கிறேன். போன வாரம் போனில் இதையெல்லாம் ஆச்சியிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். பாதியிலேயே நிறுத்தினாள்.

"அதெல்லாம் கெடக்கட்டும்ல. றெக்கை மேல இருக்குமே, அந்த பிளேனையே போடு. வாசல் பக்கத்துல, சன்னலோரமா. உப்பளம் எந்தப் பக்கம் வரும்னு கேட்டு வை."

அதைத்தான் இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.